கமலாவின் தொட்டியில் வேறு செடி

1

நம் ஊர் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி சங்கத்திலிருந்து போன் வந்தது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: வீட்டுக்குள் வைக்கும் செடி சீக்கிரம் வளரவும் நோயில்லாமல் இருக்கவும் என்ன செய்ய வேண்டும்? தங்கவயலை விட்டு நான் பெங்களூருக்கு வந்து பதினாலு வருஷமாகிறது. அதில் பன்னிரண்டு வருஷமாக, பெரிய கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்களுக்குள் இருக்கிற தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதனால் என்னை நிபுணன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒரு பக்கம்தானே, உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. முதல் வரியிலேயே பேனா நின்றுவிடுகிறது. ஏனென்றால் என் வீட்டுக்குள் இருந்த ஒரே செடியை நான் கொன்றுவிட்டேன். அது என் மனைவி கமலா வைத்த செடி. அது செத்துப்போனது என் மகள் சுஜாவுக்குத் தெரியாது.

ஆகவே இது அவர்கள் கேட்ட கட்டுரை இல்லை. செடிக் குறிப்பு வேண்டும் என்பவர்களுக்கு இடையிடையே கிடைக்கும், பொறுக்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

பெங்களூரை வெளியூர் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். காலையில் ரயிலேறிப் போய் இருட்டியதும் திரும்புகிறவர்கள் பாதிப் பேர். நூறு கிலோமீட்டரில் என்ன பெரிய பரதேசம் என்பார்கள். நான் வேலை செய்த தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு நானும் பத்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போய் வந்தேன். போய் வருகிறவரைக்கும் அது வேலை செய்கிற இடம். சுஜாவின் காலேஜுக்காகப் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அது வெளியூர் ஆனது. ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீடு, ஒரு அறை, ஒரு அடுப்பங்கரை, கிழக்கே பார்த்த ஒரு ஜன்னல்.

இங்கே எந்த ஊர் என்று கேட்பார்கள். கே.ஜி.எஃப். என்று தங்கவயலின் பெயரைச் சொன்னால், ஓ, தமிழா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆம்பூர்ப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால், நீங்க கன்னடக்காரங்கதானே என்று பந்தியில் தனியாக உட்கார வைப்பார்கள். ரேஷன் கார்டில் ஒரு ஊர், ஆதாரில் ஒரு ஊர், கேஸ் புத்தகத்தில் இன்னொரு ஊர். மூன்றையும் ஒன்றாக்க நான் அலைந்த அலைச்சலுக்கு அந்த ஆபீஸ் பெஞ்சில் என் பெயரையே செதுக்கி வைக்கலாம்.

வேலை செய்கிற இடத்திலும் அதே கதைதான். காலையில் டெக் பார்க் கேட்டில் ஒரு சீட்டு எழுதுவார்கள். மணி பிளாண்ட் எட்டு, ஸ்நேக் பிளாண்ட் ஆறு, ஆள் இரண்டு. அதன் மேல், திரும்ப எடுத்துச் செல்ல வேண்டியவை என்று ஒரு முத்திரை விழும். நான் ஒரு ஆள், டெம்போ ஓட்டுகிற ரஃபீக் இன்னொரு ஆள். சிவாஜிநகர்க்காரன், என்னைவிட எட்டு வயது சின்னவன், பன்னிரண்டு வருஷமாக என் கூட இருப்பவன். செடிகளோடு நாங்களும் சாமான் லிஃப்டில்தான் ஏற வேண்டும்.

இப்போது தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ்களில் செடி எப்போதும் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே, அது வளர்ப்பதால் இல்லை, மாற்றுவதால். ஏ.சி. காற்றிலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் ஒரு செடி மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும். பிறகு இலை மஞ்சளாகத் தொடங்கும். சனிக்கிழமை, ஆபீஸில் யாரும் இல்லாத நேரம், நாங்கள் போய் வாடியதைத் தூக்கிவிட்டு அதே உயரத்தில், அதே அகலத்தில் வேறொன்றை அதே தொட்டிக்குள் இறக்கிவிட்டு வருவோம். வாடியது நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே இரண்டு மாதம் கிடந்து தேறும். தேறாததும் உண்டு. திங்கட்கிழமை வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

"அங்கிள், எங்க வீட்ல வச்சா செத்துப்போவுது, உங்க கையில மட்டும் எப்டி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கை ராசிம்மா" என்றேன். பன்னிரண்டு வருஷம் சொன்ன பதில் அதுதான். நாக்கு பழகிவிட்டது.

3

கமலாவுக்கு மாற்றத் தெரியாது. வளர்க்கத்தான் தெரியும்.

மணி பிளாண்ட் பற்றி, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நம் லைன் வீடுகளில் இருந்த வழக்கத்தைத் தங்கவயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலர் யார் கைக்குப் போகுமோ, அதனால் சொல்லிவைக்கிறேன். மணி பிளாண்டைக் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கினால் வாங்கியவர் வீட்டில் தழைக்காது, கொடுத்தவர் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே கிளம்பிப் போய்விடும். திருடித்தான் வைக்க வேண்டும். திருடியதை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் கொடி நின்றுவிடும்.

கமலாவின் செடியும் அப்படி வந்ததுதான். அவள் அம்மா ஆபீசர் பங்களாவில் பாத்திரம் தேய்த்தார்கள். அந்த வராந்தாவில் தொங்கிய கொடியிலிருந்து, எட்டாவது படித்த கமலா ஒரு துண்டைக் கிள்ளி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம்தான் இதை என்னிடமே சொன்னாள், அதுவும் காதோடு. சொன்ன பிறகு ஒரு வாரம் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், நின்றுவிடுமோ என்று.

எங்கள் வீடு லைனில் கடைசியிலிருந்து மூன்றாவது, தெருக்குழாய்க்கு நேர் எதிரே. ஜன்னல் கம்பியில் ஏறிய கொடி தகரக் கூரை வரைக்கும் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நிற்பார்கள்.

"கமலாக்கா, ஒரு கொடி குடுக்கா."

"குடுத்தா உனக்கும் வராது, எனக்கும் தங்காது" என்பாள் கமலா. பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வாள். "நான் தண்ணி புடிக்கப் போறேன். கியூ பெரிசா கீது. வர்றதுக்கு நேரமாவும்."

குழாயடியில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். திரும்பி வந்ததும் கொடியை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். யார் கிள்ளினார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதியக் கிள்ளிக்கினு போயிட்டாளுங்க, பாரு" என்றேன்.

"கிள்ளுனாதான்யா பக்கத்துல வெடிக்கும். எட்டு வருஷமா பாக்குற, இது கூடத் தெர்ல."

குறிப்பு கேட்டவர்கள் இதை எழுதிக்கொள்ளலாம். நுனியைக் கிள்ளினால் கீழே இருக்கிற கணுவிலிருந்து இரண்டு கிளை வரும், கொடி அடர்த்தியாகும். பெங்களூரில் வேலையில் சேர்ந்தபோது ஒரு சூப்பர்வைசர் இதைக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் வைத்தியம் கொஞ்சம்தான். மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள். இரண்டு கணு ஆழத்துக்கு ஈரம் இல்லை என்றால்தான் தண்ணீர். வாரத்தில் ஒரு நாள் அரிசி களைந்த தண்ணீர், அதுவும் ஒரு டம்ளர்தான். புடவைத் தலைப்பை நனைத்து இலை இலையாகத் துடைப்பாள், தூசி படிந்தால் இலைக்கு வெளிச்சம் போய்ச் சேராது. பெங்களூர் வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு தடவை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வைப்பாள். ஒரே பக்கம் சாயாமல் வளர அது போதும். ஊரிலிருந்து கிளம்பியபோது பெரிய கொடியை எடுத்து வர முடியவில்லை. ஒரு கொத்தை மட்டும் அலுமினியக் குண்டானில் நட்டு, கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சாமான் லாரியில் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

4

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கமலா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பதாவது நாள் இல்லை.

சுஜா ஜெர்மனியில் இருக்கிறாள், ஆறு வருஷமாக. அங்கே தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. புதிய கார்டு கைக்கு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். யார் யாருக்கோ மெயில் போட்டாள், அழுதாள், ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். நடக்கவில்லை. இடுகாட்டில் ரஃபீக்தான் என் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் அம்மாவை மண்ணுக்குள் இறக்குவதை அவள் அந்தப் போனில் பார்த்தாள். சிக்னல் இரண்டு தடவை அறுந்தது. கடைசிப் பிடி மண் போடுகிற நேரம் அவள் முகம் அப்படியே அசையாமல் நின்றுவிட்டது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவாள். எங்களுக்குப் பேச அதிகம் இருப்பதில்லை. சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, அங்க குளிரா, அவ்வளவுதான். அவள் தமிழில் வர வர வார்த்தை குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வார்த்தைக்காகத் தடுமாறி, இங்கிலீஷில் தேடி, அதுவும் கிடைக்காமல் அந்த ஊர் வார்த்தையைச் சொல்லிவிட்டு, "விடுப்பா" என்பாள். ஆனால் ஒன்றை மட்டும் கேட்காமல் வைத்ததில்லை.

"அம்மா செடியக் காட்டுப்பா."

காட்டுவேன். பார்த்துக்கொண்டே இருப்பாள். பேசாமல் இருந்தாலும் அந்த ஐந்து நிமிஷம் மூன்று பேர் இருப்பதுபோல இருக்கும். அம்மாவுக்கு ஒரு பிடி மண் போட முடியாதவளுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கொடி ஒன்றுதான்.

ஒரு ஜனவரியில் அவள் சொன்னாள், "அப்பா, போன மாசம் பாத்த மாதிரியே கீதே. வளரவே இல்லியே. அம்மா இல்லன்னு அதுக்குத் தெரியுதாப்பா?"

வெறும் பேச்சாகத்தான் கேட்டிருப்பாள். பெங்களூர்க் குளிரில் மணி பிளாண்ட் தூங்கும், பிப்ரவரி கடைசியில் தானாக எழுந்திருக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆபீஸ் பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு புது இலையாவது காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

நர்சரியிலிருந்து தண்ணீரில் கரைக்கிற உரப் பொடியைக் கொண்டுவந்தேன். வீட்டுச் செடிக்கு அந்த உரத்தில் பாக்கெட்டில் போட்டிருப்பதில் பாதி அளவு, மாதம் ஒரு தடவை, அதுவும் வெயில் காலத்தில் மட்டும் என்பது பாலபாடம். நான் இரண்டு மடங்கு போட்டேன். வாரம் இரண்டு தடவை ஊற்றினேன். குண்டான் சின்னதாக இருக்கிறது என்று கொடியைப் பிடுங்கிப் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். வேர் சின்னதாக இருக்கும்போது தொட்டி பெரிதானால் மண்ணில் தண்ணீர் தேங்கும். அதுவும் எனக்குத் தெரியும். இலை நுனி பழுப்பாகக் கருகியதும், உரம் சுட்டுவிட்டது என்று தெரிய வேண்டியவன், தண்ணீர் போதவில்லை என்று முடிவு செய்து தினமும் ஊற்றினேன். குளிருமோ என்று ஜன்னலைச் சாத்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டபோதெல்லாம், வெளிச்சம் போதவில்லை, அடுத்த வாரம் காட்டுகிறேன் என்று தட்டிக்கழித்தேன். என் மூளை எங்கே போயிற்று என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கமலா உயிரோடு இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

மூன்றாம் வாரம் மண்ணைக் கிளறினேன். நாற்றம் அடித்தது. வேர் கூழாகி விரலோடு வந்தது. அழுகலுக்கு மேலே வெட்டி, மிச்சத்தைத் தண்ணீரில் போட்டால் பிழைக்கும் என்று கத்தியை எடுத்தேன். ஒரு கணு வெட்டினேன், உள்ளே கறுப்பு. அதற்கு மேலே வெட்டினேன், கறுப்பு. வெட்டிக்கொண்டே போனேன். நுனி வரைக்கும் கறுப்பு. கடைசியில் கையில் இருந்தது ஒரே ஓர் இலை.

அதை ஜாம் பாட்டிலில் தண்ணீர் விட்டுப் போட்டுவைத்தேன். பத்து நாளில் காம்பில் வெள்ளை வேர்கூட விட்டது. தெரியாதவர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். கணு இல்லாத இலை எத்தனை வேர் விட்டாலும் செடியாகாது. மாதக்கணக்கில் பச்சையாக அப்படியே நிற்கும், பிறகு ஒருநாள் மஞ்சளாகும்.

5

ரஃபீக்கிடம் மட்டும் சொன்னேன். டெம்போவில் நர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"அரே, இன்னாண்ணே நீ" என்றான். "நம்ம தினம் செய்ற வேலதானே? அதே சைஸ்ல ஒண்ணு பாத்து மாத்திவுடு. பொண்ணு அவ்ளோ தூரத்துல கீது. போன்ல பாத்தா இன்னா தெரியும்?"

"அது கமலா செடிடா."

"அண்ணிய மாத்தச் சொல்லலியே நானு. செடியத்தானே சொல்றேன். பாப்பாவுக்குச் சொல்லி இன்னா பண்ணப் போற? அழ வைக்கப் போற. பேஜாரு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நர்சரியில் அவனே மூன்று செடி எடுத்துவந்து வரிசையாக வைத்தான். நான் போனில் பழைய படத்தைத் திறந்து, இலையை எண்ணி, எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். புதுத் துளிர் ஒன்றை விட்டுவிட்டு, அதிகமாக இருந்த இரண்டு இலையைக் கத்தரித்தேன். வீட்டுக்கு வந்து கமலாவின் அலுமினியக் குண்டானைக் கழுவி அதில் நட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் செய்ததிலேயே ஒழுங்கான வேலை அதுதான். கமலாவின் செடியில் இலை ஒவ்வொன்றிலும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும், இதில் அது இல்லை. அதற்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டாள். அவள் கேட்பதற்கு முன்பே செடியைக் காட்டினேன்.

"அய்யோ அப்பா! புது இல வுட்டுகீது!" என்று கத்தினாள். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். "நீ நல்லா பாத்துக்குறப்பா. அம்மா இருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருக்கும்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தாள்.

6

இந்த வருஷம், கமலாவின் இரண்டாம் நினைவு நாளுக்கு சுஜா வந்தாள். எட்டு நாள் லீவு. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போனாள். இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஜாம் பாட்டிலில் இருந்த ஒற்றை இலை அதற்குள் மஞ்சளாகிச் செத்திருந்தது. பாட்டில் மட்டும் இருந்தது.

"இது இன்னாப்பா, காலி பாட்டிலு?"

"சும்மா கீதும்மா" என்றேன்.

மூன்றாம் நாள் அவள் கேட்டதில்தான் என் தலையில் இடி விழுந்தது. செடியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோக மாட்டாளாம், பிடித்தால் குப்பையில் போட்டுவிடுவார்களாம். செடிக்கு நோயில்லை என்று இங்கே அரசாங்கச் சான்றிதழ் வாங்கினால் முறையாகக் கொண்டுபோகலாம் என்று அங்கிருந்தே விசாரித்துவைத்திருந்தாள்.

இரண்டு தடவை அலைந்தோம். முதல் தடவை, ஆன்லைனில் போட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். இரண்டாம் தடவை, துண்டை மண் இல்லாமல் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, படிவங்களோடு போய் உட்கார்ந்தோம். அந்த அதிகாரி நல்ல மனிதர். பூதக்கண்ணாடியை வைத்து இலையின் அடிப்பக்கம் வரைக்கும் பார்த்தார். மாவுப்பூச்சி இல்லை, புள்ளி இல்லை, ரொம்ப ஆரோக்கியமான செடி என்றார். பிறகு படிவத்தைப் பார்த்து, இது எங்கே வளர்ந்தது என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுஜா கன்னடத்திலேயே பதில் சொன்னாள், கே.ஜி.எஃப்.பில் வளர்ந்தது, எங்கள் அம்மாவுடையது என்று. அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அம்மா இல்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எங்கே கையெழுத்து என்று காட்டினார். அவள் பேனாவை என் கையில் கொடுத்தாள். போட்டேன்.

மறுநாள் நினைவு நாள். எங்களைப் போன்ற பௌத்த வீடுகளில் திதி கிடையாது. புத்தர் படத்துக்கும் கமலா படத்துக்கும் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஐந்து சீலத்தையும் சொல்வோம். பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சுஜாவுக்குப் பாதி மறந்துவிட்டது, அதனால் என் வாயையே பார்த்துக்கொண்டு திருப்பிச் சொன்னாள். கொல்ல மாட்டேன் என்பது முதலாவது. சொல்லிவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது சொன்னேன். நாலாவது, பொய் பேச மாட்டேன் என்பது. அதைச் சொல்லாமல் மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தேன்.

அவள் காத்துக்கொண்டே இருந்தாள். "மறந்துட்டியாப்பா?" என்றாள்.

"ஆமாம்மா. வயசாவுதில்ல."

நாலாவதை விட்டுவிட்டு ஐந்தாவதற்குப் போனோம். கமலா படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

சுஜா அந்தத் துண்டோடு திரும்பிப் போய் மூன்று மாதமாகிறது. போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளைத் தொட்டி, பெரிய கண்ணாடி ஜன்னல், வெளியே சாம்பல் நிற வானம். கொடியில் புதிதாக ஒரு இலை சுருள் பிரிந்துகொண்டிருந்தது. அடியில் குரல் செய்தி: "அம்மா வந்துட்டாங்கப்பா."

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ரயிலேறி ஊருக்கு வந்தேன்.

உங்களில் சிலர் என்னைப் பார்த்திருக்கலாம். நம் லைனில் கடைசியிலிருந்து மூன்றாவது வீட்டு ஜன்னலில் இப்போது பலகை அடித்திருக்கிறது. நான் விட்டுவந்த பெரிய கொடி எந்த வெயிலில் காய்ந்ததோ, கம்பியில் அது பிடித்திருந்த தழும்பு மட்டும் தெரிகிறது. குழாயடியில் நின்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன், கமலா வீட்டுக் கொடி உங்க வீட்ல இருக்குதா என்று. எல்லோரும் சிரித்தார்கள். "நாங்க எங்கண்ணே எடுத்தோம்" என்றார்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். சொன்னால் கொடி நின்றுவிடும். அந்தக் காலத்துப் பெண்களில் பாதிப் பேர் ஓசூரிலும் சென்னையிலும் பெங்களூர் ஆஸ்டின் டவுனிலும் இருக்கிறார்கள். இருட்டுகிறவரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

சுஜாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்து, இரண்டாம் மொழியாகக் கன்னடம் எடுக்கச் சொன்னது நான்தான். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதுகிறேன் என்பதை மறைக்கவில்லை. இதுவும் ஒரு கோழைத்தனம்தான். யாராவது படித்துச் சொன்னால் ஒரு நாள் அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும். ஆனால் வெறுங்கையோடு என்னால் சொல்ல முடியாது. அவளிடமிருந்து நான் பிடுங்கப்போவதற்கு ஈடாக என் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

என் வீட்டு ஜன்னலில் இருக்கிற மாற்றுச் செடி இப்போது பரண் வரைக்கும் ஏறிவிட்டது. உரம் வைப்பதில்லை, தினமும் தண்ணீர் ஊற்றுவதில்லை, விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். அது தன்பாட்டில் கொழுகொழுவென்று வளர்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. வீட்டுச் செடி சீக்கிரம் வளர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்.

இப்போது நான் கேட்க வேண்டியது. தெருக்குழாய்க்கு எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து, கமலா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், உங்களில் யாரோ ஒருவர் கிள்ளியிருக்கிறீர்கள். இலை ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும், அதுதான் அடையாளம். உங்கள் அம்மா எடுத்து வந்ததாக இருக்கலாம், யார் வீட்டுக் கொடி என்றே தெரியாமல் நீங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கலாம். சொன்னால் நின்றுவிடும் என்று பயப்படாதீர்கள். சொன்னதற்காகக் கமலாவின் கொடி நிற்கவில்லை. அதை நிறுத்தியது நான். யாரும் கூச்சப்படவும் வேண்டாம். அவள் முதுகைக் காட்டி நின்றதே உங்களுக்காகத்தான்.

சங்கத்தில் சொல்லிவைத்தால் போதும், நான் ஓடி வருகிறேன். கேட்டு வாங்கினால் வராது என்பது எனக்கும் தெரியும். நீங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள், நானே கிள்ளிக்கொள்கிறேன். கொடியெல்லாம் வேண்டாம். ஒரு கணு போதும்.